ஐ.பி. போனுக்கு பேண்ட்வித் ஒதுக்குவது: எந்த வழி எந்த அலுவலகத்துக்கு?

யாரோ ஒருவர் பெரிய ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றத் தொடங்குகிறார். அடுத்த நிமிடமே பக்கத்து மேஜையில் வாடிக்கையாளரிடம் பேசுகிறவரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. அலுவலகத்தில் உடனே எழும் பேச்சு, "லைன் பத்தலை, பெரிய பிளானுக்கு மாறிடலாம்" என்பதுதான். மாறிய பிறகும் குரல் விட்டுவிட்டுத்தான் வரும், ஏனென்றால் கோளாறு பேண்ட்வித் அளவில் இல்லை. குரல் பாக்கெட் (குரலை நறுக்கி அனுப்பும் சிறு டேட்டா துண்டு) எந்த வரிசையில், எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை ஐ.பி. போன், அதாவது இணைய லைன் வழியே பேசும் போன், அழைப்புகளுக்கென்று வழி ஒதுக்கும் முறைகளை எடை போட்டுப் பார்க்கிறது. கணக்குக்காக ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம்: ஒரே நேரத்தில் 20 பேர் பேசுவார்கள், 30 கணினிகள், ஃபைபர் பிராட்பேண்ட், டவுன்லோடு 50 மெகாபிட், அப்லோடு 20 மெகாபிட்.

முதலில் அழைப்புகளுக்கு எவ்வளவு தேவை என்று பார்ப்போம். ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) குரல் மட்டும் செகண்டுக்கு 64 கிலோபிட். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது செகண்டுக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், ஆர்.டி.பி. 12, யு.டி.பி. 8, ஐ.பி. 20 என்று தலைப்புகள் (பாக்கெட்டுக்கு வழிகாட்டும் தகவல்கள்) 40 பைட். ஈதர்நெட்டுக்கு 18 பைட். மொத்தம் 218 பைட், அதாவது 87.2 கிலோபிட். பிராட்பேண்டில் லாகினுக்கான பி.பி.பி.ஓ.இ. முறைக்கு 8 பைட், வி.லேன் டேகுக்கு 4 பைட் கூடினால் 230 பைட்; ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 92 கிலோபிட். 20 அழைப்புக்கு 1.84 மெகாபிட். ஆர்.டி.சி.பி. (குரல் தர அறிக்கைகள்), சிப் சிக்னலிங் (அழைப்பைத் தொடங்கி முடிக்கும் செய்திகள்), கருவிக்குக் கருவி தலைப்பை எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம் எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் கூட்டினால் 2.2 மெகாபிட். ஜி.729க்கு மாறினால் குரல் 8 கிலோபிட்டாகக் குறையும். ஆனால் தலைப்புகள் அப்படியே இருப்பதால் லைனில் 36 கிலோபிட் ஓடும். எட்டு மடங்கு மிச்சம் என்று நினைத்து மாறுபவருக்குக் கிடைப்பது இரண்டரை மடங்குதான்.

20 மெகாபிட்டில் 2.2 மெகாபிட் என்பது ஒன்பதில் ஒரு பங்கு. அப்படியானால் ஏன் உடைகிறது? ஐ.எஸ்.பி. (இணைய சேவை தருபவர்) கொடுத்த மோடத்தில் 1 மெகாபைட் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவிடம்) இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபைல் அப்லோடு அதை நிரப்பிவிட்டால், பின்னால் வரும் குரல் பாக்கெட் 8 மெகாபிட் டேட்டா காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். 20 மெகாபிட் வேகத்தில் அது 400 மில்லிசெகண்ட். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் ஜி.114 பரிந்துரை ஒருவழித் தாமதத்துக்கு 150 மில்லிசெகண்டை எல்லையாகச் சொல்கிறது. ஆக, பேண்ட்வித் தாராளமாக இருக்கும்போதே பேச்சு கெட்டுப்போக முடியும். பிளானை இரண்டு மடங்காக்கினால் அதே பஃபர் 200 மில்லிசெகண்டில் காலியாகும். இன்னும் எல்லைக்கு வெளியேதான். அந்தப் புது வேகத்தையும் ஒரு விண்டோஸ் அப்டேட் நிரப்பிவிடும்.

பெரிய பிளானுக்குப் போவது அடியோடு வீண் என்று சொல்லவில்லை. லைன் நாள் முழுவதும் 70, 80 சதவீதத்தில் ஓடினால் பிளான் மாற்றியே ஆக வேண்டும். இல்லாத பேண்ட்வித்தை எந்த க்யூவும் (பாக்கெட் வரிசை) உண்டாக்காது. நாளில் நாலைந்து முறை சில நிமிடம் மட்டும் நிரம்பும் லைனுக்கு அது மருந்தல்ல.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முன்நிபந்தனை ஒன்றுதான்: நெரிசல் உங்கள் கருவியில் ஏற்பட வேண்டும். ரவுட்டரின் வான் போர்ட் (இணைய லைன் பக்கத்துப் போர்ட்) 1 கிகாபிட், வெளியே உள்ள லைன் 20 மெகாபிட் என்றால், ரவுட்டரைப் பொறுத்தவரை நெரிசலே கிடையாது. எல்லாப் பாக்கெட்டையும் உடனே மோடத்துக்குத் தள்ளிவிடும். வரிசை மோடத்துக்குள் உருவாகும், அங்கே உங்கள் முன்னுரிமை விதி எதுவும் செல்லாது. அதனால் ரவுட்டரில் ஷேப்பர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) போட்டு, மெய்யான வேகத்தில் சுமார் 90 சதவீதத்துக்கு அப்லோடை நீங்களே இறுக்க வேண்டும். நம் கணக்கில் 18 மெகாபிட். பிளானில் எழுதியிருக்கும் எண்ணில் 90 அல்ல. நெரிசல் நேரத்தில் பலமுறை அளந்து, கிடைத்ததில் குறைந்த எண்ணில் 90. இந்த 2 மெகாபிட்டை விட்டுக்கொடுக்க மனம் வராமல் ஷேப்பரை 20இல் வைப்பவர்களுக்கு மற்ற எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் பலன் கிடைப்பதில்லை.

வரம்புடன் கூடிய கண்டிப்பான முன்னுரிமை

சிஸ்கோ உலகில் எல்.எல்.க்யூ. என்று சொல்வது இதைத்தான். குரல் வரிசையில் ஒரு பாக்கெட் இருந்தாலும் அதுதான் முதலில் போகும். மற்ற வரிசைகள் அதற்குப் பிறகு. அதிகபட்சம், ஏற்கெனவே கம்பியில் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு 1500 பைட் பாக்கெட் முடியும் வரை காத்திருக்க வேண்டும். 20 மெகாபிட்டில் அது 0.6 மில்லிசெகண்ட். 400 எங்கே, 0.6 எங்கே! குரலுக்கு இதைவிட நல்ல வரிசை கிடையாது.

அமைப்பு இரண்டு அடுக்கு. மேலே 18 மெகாபிட் ஷேப்பர் உள்ள தாய் பாலிசி; அதற்குள்ளே குரல் வகுப்புக்கு 2200 கிலோபிட் முன்னுரிமை, மீதிக்கு ஃபேர் க்யூ (எல்லா ஓட்டத்துக்கும் சமபங்கு தரும் வரிசை) உள்ள சேய் பாலிசி. தாய் பாலிசி இல்லாமல் சேய் பாலிசியை மட்டும் போர்ட்டில் கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கட்டளை ஏற்கப்படும், பார்ப்பதற்குச் சரியாக இருக்கும், ஆனால் 1 கிகாபிட் போர்ட்டில் நெரிசல் வராததால் ஒருநாளும் வேலை செய்யாது.

வரம்பு எதற்கு? வரம்பில்லாத முன்னுரிமை வரிசைக்குள் தவறான டிராஃபிக் நுழைந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் பட்டினி போட்டுவிடும். அதனால் நெரிசல் நேரத்தில் 2200 கிலோபிட்டைத் தாண்டியதை ரவுட்டர் தூக்கி எறிகிறது. முன்னுரிமை வகுப்புகள் மொத்தமும் லைனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது சிஸ்கோவின் நெடுநாள் அறிவுரை. நம் அலுவலகம் அதற்கு வெகு கீழே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலரும் கவனிக்காத ஆபத்து இருக்கிறது. 2200 கிலோபிட்டில் 23 அழைப்புகள் அடங்கும். 26 அழைப்பு ஓடினால் கடைசியாக வந்த மூன்று மட்டும் கெடும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் பாக்கெட் எந்த அழைப்புடையது என்று, வரம்பைக் காக்கும் பாலிசருக்குத் தெரியாது. 26 பேரின் குரலும் சேர்ந்து உடையும். ஆகவே பேண்ட்வித் ஒதுக்கீட்டோடு அழைப்பு எண்ணிக்கைக்கும் பூட்டு வேண்டும். ஆஸ்டரிஸ்க், ஃப்ரீ-பி.பி.எக்ஸ். போன்ற பி.பி.எக்ஸ்.களில் (அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகம்) வெளியே போகும் டிரங்குக்கு அதிகபட்ச சேனல் எண்ணிக்கை வைக்கலாம். அதை 20 என்று வைத்துவிட்டால் 21வது ஆளுக்கு பிஸி டோன் கேட்கும். பேசிக்கொண்டிருக்கும் 20 பேருக்கும் ஒன்றும் ஆகாது. 1997இல் வந்த ஆர்.எஸ்.வி.பி. நெறிமுறை இதையே நெட்வொர்க் முழுக்கச் செய்ய முயன்றது: ஒவ்வொரு அழைப்பும் வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரிடமும் இடம் கேட்டு வாங்கும். பொது இணையத்தில் அது நிலைக்கவில்லை. 1998இல் வந்த டிஃப்சர்வ் முறைதான், அதாவது பாக்கெட்டின் நெற்றியில் வகுப்பைக் குறிக்கும் டி.எஸ்.சி.பி. எண்தான், நடைமுறைக்கு வந்தது. அந்த முறையில் இடம் கேட்கும் கட்டம் இல்லாததால்தான் பூட்டை நீங்களே பி.பி.எக்ஸில் போட வேண்டியிருக்கிறது.

குறைந்தபட்ச உத்தரவாதம்

லினக்ஸின் எச்.டி.பி., மைக்ரோடிக்கின் க்யூ ட்ரீ, சிஸ்கோவின் பேண்ட்வித் வகுப்பு எல்லாம் இந்தக் குடும்பம். ஒரு வகுப்புக்கு இவ்வளவு நிச்சயம் உண்டு; அது பயன்படுத்தாத நேரத்தில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். காலியாக ஓடும் ரிசர்வேஷன் பெட்டியில் ஆர்.ஏ.சி. பயணிக்குப் படுக்கை கிடைப்பதுபோல, மிச்சம் வீணாவதில்லை.

மைக்ரோடிக்கை நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் நிறையப் பார்க்கலாம் என்பதால் அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முதல் வேலை, பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் விடும் ஃபாஸ்ட்ட்ராக் விதியை நிறுத்துவது. ஆரம்ப ஃபயர்வாலில் அது போட்டே வருகிறது. அதில் சிக்கிய கனெக்‌ஷன்கள் மேங்கிள் (பாக்கெட்டுக்குக் குறியிடும்) விதிகளைத் தாண்டிக் குதித்துவிடும்; குறி இல்லாததால் குரல் க்யூவுக்கும் போகாது. எல்லாம் சரியாக எழுதியும் க்யூவின் கவுண்ட்டர் நகரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது, அடையாளம். சிப் சேவை தருபவரின் ஐ.பி. முகவரிகளை ஓர் அட்ரஸ் லிஸ்ட்டில் போட்டு, அங்கே போகிற, அங்கிருந்து வருகிற கனெக்‌ஷனுக்குக் குறி, அந்தக் குறியிலிருந்து பாக்கெட்டுக்குக் குறி என்று மேங்கிளில் இரண்டு படி எழுதுங்கள். ஆஸ்டரிஸ்க்கின் வழக்கமான ஆர்.டி.பி. போர்ட்டுகள் 10000 முதல் 20000 வரை என்பதால் அந்த யு.டி.பி. வரம்பை மட்டும் வைத்து அடையாளம் காண்பது எளிதாகத் தெரியும். ஆனால் டாரன்ட்டும் விளையாட்டுகளும் அதே வரம்புக்குள் வந்து முன்னுரிமையை எடுத்துக்கொள்ளும். முகவரியை வைத்துப் பிரிப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது, மரம். வான் இன்டர்ஃபேஸின் மேல் தாய் க்யூ, மேக்ஸ்-லிமிட் (உச்ச அளவு) 18 மெகா. அதன் கீழ் குரலுக்கு லிமிட்-அட் (உத்தரவாத அளவு) 2.2 மெகா, மேக்ஸ்-லிமிட் 3 மெகா, முன்னுரிமை 1. மற்றதற்கு லிமிட்-அட் 15 மெகா, மேக்ஸ்-லிமிட் 18 மெகா, முன்னுரிமை 8. சேய்களின் லிமிட்-அட் கூட்டுத்தொகை 17.2, தாயின் 18க்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் உத்தரவாதம் என்ற சொல்லுக்கே பொருளில்லை, தாய் தன் வரம்பைத் தாண்டிவிடும். முன்னுரிமை எண் வேலை செய்வது லிமிட்-அட் அளவு எல்லோருக்கும் கிடைத்த பிறகு, மிச்சத்தைப் பங்கிடும்போதுதான். அதுவும் கடைநிலை க்யூக்களில் மட்டும். அதனால் குரலுக்கு லிமிட்-அட் போடாமல் முன்னுரிமை 1 மட்டும் போட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. "மற்றது" வகுப்பில் குறியே இல்லாத பாக்கெட்டுகளையும் சேர்க்க மறக்காதீர்கள். எந்தச் சேயிலும் பொருந்தாத பாக்கெட் ஷேப்பருக்கு வெளியே ஓடி, நீங்கள் இறுக்கிய 18ஐ உடைத்துவிடும். லினக்ஸ் எச்.டி.பி.யிலும் இதே குழி உண்டு: டீஃபால்ட் வகுப்பு சொல்லாவிட்டால் வகைப்படாத பாக்கெட்டுகள் கட்டுப்பாடின்றிப் போகும்.

கண்டிப்பான முன்னுரிமையோடு ஒப்பிட்டால் இங்கே தாமதம் சற்றுக் கூடும், ஏற்ற இறக்கமும் இருக்கும். 20 மெகாபிட் லைனில் அது காதுக்குத் தெரியும் அளவில் இருக்காது. சிஸ்கோவில் மட்டும் குரலை பேண்ட்வித் வகுப்பில் வைக்க வேண்டாம், அங்கே முன்னுரிமை வகுப்பு கையிலேயே இருக்கிறது. பேண்ட்வித் வகுப்பு பொருத்தமாக இருப்பது ஈ.ஆர்.பி., பில்லிங், ரிமோட் டெஸ்க்டாப் போன்றவற்றுக்கு. அவற்றுக்குத் தேவை நிச்சயமான பங்கு, 0.6 மில்லிசெகண்ட் அல்ல.

ஒதுக்கீடே இல்லாமல்: கேக்

2010, 2011 வாக்கில் கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ், நிரம்பிய பஃபர் உண்டாக்கும் இந்தத் தாமதச் சிக்கலை பஃபர்ப்ளோட் என்ற பெயரோடு பொதுவில் கொண்டுவந்தார். அதன் விளைவாக வந்தவை 2012இல் லினக்ஸ் 3.5இல் சேர்ந்த எஃப்.க்யூ-கோடெல், 2018இல் லினக்ஸ் 4.19இல் சேர்ந்த கேக் என்ற வரிசை முறைகள். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி வரிசை. மெலிந்த ஓட்டங்களுக்கு முன்னிடம். கொழுத்த ஓட்டங்களின் பஃபர் வளரும்போதே பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்புநரின் வேகத்தைக் குறைப்பது. 92 கிலோபிட் குரல் இயல்பாகவே மெலிந்த ஓட்டம் என்பதால் எந்த அடையாளமும் இல்லாமலே முன்னால் போகிறது.

ரவுட்டருக்கான லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யில் எஸ்.க்யூ.எம். என்ற பொட்டலத்தை நிறுவி, அப்லோடு 18000, டவுன்லோடு 45000 கிலோபிட் என்று இரண்டு எண்கள் கொடுத்தால் வேலை முடிந்தது. மைக்ரோடிக்கிலும் ரவுட்டர்-ஓ.எஸ். 7 முதல் கேக்கும் எஃப்.க்யூ-கோடெலும் க்யூ வகைகளாகக் கிடைக்கின்றன. மேலே சொன்ன மரத்தின் "மற்றது" வகுப்புக்கு எஃப்.க்யூ-கோடெலை வைப்பது மிக நல்ல கூட்டு. கிளவுட் பி.பி.எக்ஸ். வைத்து, ஒவ்வொரு மேஜை போனும் நேராக வெளியே பேசும் பத்துப் பேர் அலுவலகத்துக்கு இதைத் தாண்டி எதுவும் தேவைப்படாது என்பதே எங்கள் கருத்து.

பி.பி.எக்ஸ். அலுவலகத்துக்குள்ளேயே இருந்தால் கவனம் தேவை. கேக்கில் ஆளுக்கு ஆள் சமபங்கு தரும் வசதி உண்டு; உள் முகவரிகளைத் தனித்தனியாகப் பார்க்க வைக்கும் நேட் விருப்பத்தைச் சேர்த்தால், ஒரே கணினி 50 கனெக்‌ஷன் திறந்தாலும் ஓர் ஆளாகத்தான் எண்ணும். அருமையான வசதிதான். ஆனால் 20 அழைப்புகளும் பி.பி.எக்ஸின் ஒரே ஐ.பி.யிலிருந்து கிளம்புகின்றன, கேக்கின் கண்ணுக்கு பி.பி.எக்ஸும் ஓர் ஆள்தான். 30 கணினிகளும் ஒரே நேரத்தில் அப்லோடை நிரப்பினால் பி.பி.எக்ஸின் பங்கு 18ஐ 31ஆல் வகுத்தது, சுமார் 0.58 மெகாபிட். தேவையோ 1.84. அழைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் இடறும். தீர்வு: கேக்கை டிஃப்சர்வ்4 முறையில் வைத்து, பி.பி.எக்ஸ். குரல் பாக்கெட்டுகளுக்கு டி.எஸ்.சி.பி. 46 (குரலுக்கான எண்) இட வேண்டும். அப்போது அவை குரலுக்கான தனித் தொட்டிக்குப் போகும். அந்தத் தொட்டிக்கு லைனில் 25 சதவீதம் வரை முன்னுரிமை உண்டு. 18இல் அது 4.5 மெகாபிட், தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல். அதைத் தாண்டினால் பாக்கெட்டை எறியாது, முன்னுரிமையை மட்டும் இறக்கும்.

கேக்குக்கு நாம் கொடுக்கும் விலை சி.பி.யூ. உழைப்பு. மலிவான, பழைய ஒற்றைக் கோர் ரவுட்டரில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் லைனுக்கு முன்பே ரவுட்டர் மூச்சுத் திணறும். ஹார்டுவேர் ஆஃப்லோடு வசதியையும் அணைத்தாக வேண்டும், ஏனென்றால் ஆஃப்லோடில் போகும் பாக்கெட் க்யூவைத் தொடுவதே இல்லை. 50 மெகாபிட்டுக்குப் பெரும்பாலான ரவுட்டர் போதும். 300, 500 என்றால் ஏ.ஆர்.எம். அல்லது எக்ஸ்86 பெட்டிக்குப் போங்கள்.

டவுன்லோடு பக்கம்

இதுவரை சொன்னதெல்லாம் அப்லோடில் உறுதியாக நடக்கும். டவுன்லோடில் நிலைமை வேறு, அதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. வரும் பாக்கெட்டுகள் ஐ.எஸ்.பி.யின் வரிசையில் நின்றுவிட்டுத்தான் உங்களிடம் வருகின்றன. உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், 50க்குப் பதில் 42 முதல் 45 மெகாபிட்டில் ஷேப்பர் போட்டு, மிகுதியைக் கைவிட்டு, அனுப்பும் டி.சி.பி. சர்வரை வேகம் குறைக்க வைப்பது. ஒன்றிரண்டு பெரிய டவுன்லோடுக்கு இது நன்றாக வேலை செய்யும். 30 கணினிகள் ஒரே நேரத்தில் அப்டேட் இறக்கத் தொடங்கும் முதல் சில செகண்டுகளுக்குச் செய்யாது, ஐ.எஸ்.பி. பஃபர் நிரம்பித்தான் தீரும். விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷனை லேனுக்குள் (அலுவலக நெட்வொர்க்) பகிரும்படி வைத்து, அப்டேட் நேரத்தை இரவுக்குத் தள்ளுவது இங்கே எந்த க்யூவையும்விட அதிகம் உதவும்.

இன்னொரு சிக்கல் அடையாளம். நீங்கள் 46 என்று குறியிட்டு அனுப்பினாலும் பல ஐ.எஸ்.பி.க்கள் எல்லையிலேயே அதை 0 ஆக்கிவிடுகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் குரலும் 0 என்ற குறியோடுதான் வந்து சேரும். டவுன்லோடு விதியை டி.எஸ்.சி.பி.யை நம்பி எழுதினால் அது ஒரு பாக்கெட்டையும் பிடிக்காது. முகவரியை வைத்தோ, போகும்போது கனெக்‌ஷனில் இட்ட குறியை வரும்போது மீட்டோ எழுதுங்கள். கேக் பயன்படுத்துவோருக்கு லினக்ஸில் சி.டி.-இன்ஃபோ என்ற வசதி இந்த மீட்பைச் செய்யும். வயர்கார்டு டனல் வழியாகப் பேசினால் உள்ளே இட்ட குறி வெளிப் பாக்கெட்டில் தெரியாது, ஐ.பி.வி.4இல் பாக்கெட்டுக்கு 60 பைட் கூடுதல் சுமையும் சேரும், ஒதுக்கீட்டை அதற்கேற்ப உயர்த்த வேண்டும்.

தனி லைன்

குரலுக்கு மட்டும் இரண்டாவது இணைப்பு. க்யூ தெரியாதவர்கள் செய்யும் வேலை என்று சிலர் இதை இளக்காரமாகப் பேசுவார்கள். அது சரியல்ல. மேலே சொன்ன டவுன்லோடு சிக்கலுக்கு உங்கள் கையில் இருக்கும் முழுமையான விடை இது ஒன்றுதான். குரல் லைனில் வேறு எதுவும் ஓடாததால் ஐ.எஸ்.பி. பஃபரை நிரப்ப ஆளில்லை. 20 அழைப்புக்கு 10 மெகாபிட் லைனே தாராளம்.

எந்த வகை லைன் என்பதில்தான் பணம் இருக்கிறது. சாதாரண பிராட்பேண்டில் ஃபைபர் பல வீடுகளுக்குப் பொது: ஜிபான் தொழில்நுட்பத்தில் கீழ்நோக்கி 2.5, மேல்நோக்கி 1.25 கிகாபிட்டை ஒரே ஸ்ப்ளிட்டரில் உள்ள எல்லோரும் பகிர்கிறார்கள். ஆனாலும் மெலிந்த குரலுக்கு அது பெரும்பாலான நேரம் போதும். லீஸ்டு லைன் விலை பல மடங்கு. அதற்கு ஈடாக இரு திசையிலும் ஒரே வேகம், பகிர்வற்ற அளவு, எழுத்தில் எஸ்.எல்.ஏ. (சேவைத் தர உறுதிமொழி) கிடைக்கும். பல கிளைகளை ஐ.எஸ்.பி.யின் தனி நெட்வொர்க்கில் இணைக்கும் எம்.பி.எல்.எஸ். ஒப்பந்தத்தில் குரல் வகுப்பையே தனியாக வாங்கலாம், அங்கே டி.எஸ்.சி.பி. குறி வழி நெடுக மதிக்கப்படும், நீங்கள் வாங்கிய அளவைத் தாண்டிய குரல் பாக்கெட்டுகள் மட்டும் கைவிடப்படும் அல்லது தரம் இறக்கப்படும். வாங்கும்போது மாதத்தில் எத்தனை நிமிடம் லைன் விழலாம் என்பதை மட்டும் கேட்காமல், லாஸ் (தொலையும் பாக்கெட்), ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்), தாமதம் மூன்றுக்கும் எண் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்கள் இல்லாத எஸ்.எல்.ஏ. குரலுக்கு உதவாது.

எங்கள் பரிந்துரை: அழைப்புதான் தொழில் என்ற அலுவலகம், அதாவது ஒரு மணி நேரம் போன் நின்றால் வருமானம் நிற்கும் இடம், வேறொரு ஐ.எஸ்.பி.யிடம் சிறிய பிராட்பேண்ட் ஒன்று வாங்கிக் குரலை அதில் விட்டு, பழைய லைனில் முன்னுரிமை க்யூவையும் அமைத்து வைக்கட்டும். குரல் லைன் அறுந்தால் அழைப்புகள் பழைய லைனுக்கு மாறும்போது அங்கே இடம் தயாராக இருக்கும். இரண்டு ஐ.எஸ்.பி.யின் கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கி வருகின்றனவா என்று வாங்குவதற்கு முன் தெருவில் இறங்கிப் பார்த்துவிடுங்கள். ரோடு தோண்டினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மற்றவர்களுக்கு, பி.பி.எக்ஸ். உள்ளே இருந்தால் வரம்புடன் கூடிய முன்னுரிமை அல்லது லிமிட்-அட் மரம், கூடவே சேனல் பூட்டு. பி.பி.எக்ஸ். கிளவுடில் இருந்து ஆட்களும் குறைவென்றால் கேக். வேகம் நிலையில்லாத 4ஜி, 5ஜி இணைப்புக்கு இந்த மூன்றுமே நிலையான எண்ணில் தடுமாறும், ஏனென்றால் 18 என்று நீங்கள் இறுக்கிய நேரத்தில் லைன் 6இல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே தாமதத்தை அளந்து எண்ணைத் தானே ஏற்றி இறக்கும் கேக்-ஆட்டோரேட் போன்ற ஸ்கிரிப்ட் வேண்டும். இல்லையென்றால் மிகக் குறைந்த வேகத்தில் இறுக்கி வைத்துவிட வேண்டும்.

பிராட்பேண்டிலும் இதே சிக்கல் மாதக் கடைசியில் வரும். எஃப்.யு.பி. (மாத டேட்டா வரம்பு) அளவு தீர்ந்ததும் வேகம் சில மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. ரவுட்டரில் ஷேப்பர் இன்னும் 18இலேயே நிற்கும். நெரிசல் மறுபடி ஐ.எஸ்.பி. பக்கம் போய்விடும், உத்தரவாதம் காற்றோடு போகும். மாதம் முழுக்க நன்றாக இருந்து 25ஆம் தேதிக்கு மேல் மட்டும் குரல் உடைகிறது என்ற புகார் வந்தால் முதலில் டேட்டா அளவைப் பாருங்கள்.

சுவிட்ச், வைஃபை, விண்டோஸ்

ரவுட்டரில் எல்லாம் சரியாக இருந்தும் முன்னுரிமைக் கவுண்ட்டர் பூஜ்ஜியத்தில் நின்றால், குறி வழியில் எங்கோ அழிந்திருக்கிறது. பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960, 3560 சுவிட்சுகளில் க்யூ.ஓ.எஸ்ஸை (முன்னுரிமை வசதி) இயக்கியதும் எல்லாப் போர்ட்டும் நம்பிக்கையற்றவையாகி, வரும் டி.எஸ்.சி.பி.யை 0 ஆக்கும். போன் மாட்டிய போர்ட்டில் டிரஸ்ட் என்று தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸில் சாஃப்ட்போன் தானே இட முயலும் குறியை இயங்குதளம் பொதுவாக ஏற்பதில்லை. குரூப் பாலிசியில் உள்ள பாலிசி அடிப்படையிலான க்யூ.ஓ.எஸ். வழியாக அந்த நிரலின் பெயருக்கு 46 என்று எழுத வேண்டும். இதையொட்டி, விண்டோஸ் 20 சதவீத பேண்ட்வித்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று இன்னும் சுற்றும் பேச்சை நம்பி ரிஜிஸ்ட்ரியைத் தொடாதீர்கள். ஒதுக்கீடு கேட்கும் நிரல்களுக்கான உச்ச வரம்புதான் அது. யாரும் கேட்காதபோது முழு லைனும் உங்களுடையதே.

வைஃபையில் வேறொரு நுட்பமான இடறல். வைஃபைக்கான டபிள்யூ.எம்.எம். முன்னுரிமை முறையில் நான்கு வகுப்புகள் உண்டு. பல ஆக்சஸ் பாயிண்டுகள் டி.எஸ்.சி.பி.யின் மேல் மூன்று பிட்டை மட்டும் எடுத்து வகுப்பைத் தீர்மானிக்கின்றன. 46ஐ இருமத்தில் எழுதினால் 101110. மேல் மூன்று பிட் 101, அதாவது 5. 5 என்பது வீடியோ வகுப்பு! குரல் வகுப்புக்கு 6 அல்லது 7 வேண்டும். 2018இல் வந்த ஆர்.எஃப்.சி. 8325 இதைச் சரிசெய்து 46ஐ 6க்குப் பொருத்தச் சொல்கிறது. உங்கள் ஆக்சஸ் பாயிண்டில் அந்த மேப்பிங் மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள். மேஜை போனுக்கு கேபிளே இழுப்பது அதைவிட நல்லது. ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி. (சிப் பாக்கெட்டுகளைத் திருத்தும் வசதி) இயங்கினால் அணைத்துவிடுங்கள், ஒருபக்கக் குரல், பாதியில் அறுதல் போன்ற பல புகார்கள் அதிலிருந்து வருபவை, அவற்றுக்கும் பேண்ட்வித்துக்கும் சம்பந்தமில்லை.

சோதித்துப் பார்க்கும் முறை

லைன் காலியாக இருக்கும்போது ஐ.எஸ்.பி.யின் கேட்வேக்கு பிங் ஓடவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியே உள்ள ஒரு சர்வருக்கு ஐபெர்ஃப்3 (லைன் வேகத்தைச் சோதிக்கும் நிரல்) கொண்டு எட்டு இணை ஓட்டங்களில் அப்லோடை நிரப்புங்கள். ஷேப்பர் சரியாக இருந்து, மீதி வகுப்பில் எஃப்.க்யூ-கோடெலோ கேக்கோ இருந்தால் பிங் 5 முதல் 15 மில்லிசெகண்ட் வரைதான் ஏறும். 100, 200 என்று ஏறினால் ஷேப்பர் எண் இன்னும் அதிகம். 18ஐ 17 ஆக்கி மறுபடி பாருங்கள். பிங் இறங்கும் வரை குறைத்து, இறங்கியதும் நிறுத்துங்கள்.

அதே நெரிசலில் ஓர் அழைப்பைப் போட்டு, பி.பி.எக்ஸ். பக்கம் வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் நிரல்) பிடித்து, டெலிஃபோனி மெனுவில் ஆர்.டி.பி. ஸ்ட்ரீம் பகுப்பாய்வைத் திறங்கள். இரு திசையையும் தனித்தனியாகக் காட்டும். லாஸ் 1 சதவீதத்துக்குக் கீழே, ஜிட்டர் 20 மில்லிசெகண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் வெளியே போகும் ஓட்டத்தை பி.பி.எக்ஸ். பக்கம் பிடித்தால் அது லைனில் ஏறும் முன்பே பிடித்ததாகிவிடும், எப்போதும் சுத்தமாகத்தான் காட்டும். அதன் கதியை எதிர்முனை அனுப்பும் ஆர்.டி.சி.பி. அறிக்கையிலோ, மறுமுனையில் பிடித்த பதிவிலோதான் பார்க்க முடியும். உள்ளே வரும் ஓட்டம் மட்டும் கெட்டால் டவுன்லோடு ஷேப்பரை 45இலிருந்து 42க்கு இறக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கோளாறு ஐ.எஸ்.பி.யின் வரிசையில், தனி லைனுக்குச் செலவு செய்ய வேண்டிய இடம் அது. இந்தச் சோதனையைக் காலை 11 மணிக்கு ஒருமுறை, குடியிருப்புகள் இணையத்தில் இறங்கும் இரவு 8 மணிக்கு ஒருமுறை செய்யுங்கள். ஷேப்பருக்கு இரவு எண்ணையே வையுங்கள். பிளான் மாற்றினாலும், மோடம் மாற்றினாலும், ரவுட்டர் ஃபர்ம்வேர் ஏற்றினாலும் மறுபடி ஒருமுறை.